சுழன்றும் கழலாத போல்ட்: லோயர் ஆர்ம் புஷ்ஷுக்குள் இறுகிய துரு பற்றிய நிகழ்வு ஆய்வு

வலது முன்சக்கரத்தின் லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையை, மாற்றும் வேலை. வண்டி பத்தாண்டைத் தாண்டிய சிறிய ஹேட்ச்பேக். மேடு பள்ளத்தில் ‘டக் டக்’ என்று அடித்தது, பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தது. சக்கரத்தைத் தூக்கிக் கம்பியால் நெம்பிப் பார்த்தபோது ஆர்மின் பின்புஷ்ஷில் (ஆர்ம் அடிச்சட்டத்தோடு சேரும் ரப்பர் மூட்டு) ரப்பர் கிழிந்திருப்பதும், ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்டிருப்பதும் தெரிந்தன. புஷ்ஷை மட்டும் மாற்றாமல், புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும் பொருத்தியே வரும் முழு ஆர்மையும் மாற்றிவிடலாம் என்று வண்டிக்காரத் தம்பியும் நானும் முடிவு செய்தோம். இந்த முடிவுதான் பிற்பாடு எங்களுக்குக் கைகொடுத்தது. பழைய ஆர்மைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை.

கழற்ற வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, பால் ஜாயிண்ட்டின் தண்டை நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) கவ்விப் பிடிக்கும் பின்ச் போல்ட். இரண்டு, பின்புஷ்ஷைச் சப்ஃபிரேமோடு (வண்டியின் முன்பக்கத் துணைச்சட்டம்) சேர்க்கும் நெட்டுக்குத்தான போல்ட். மூன்று, முன்புஷ்ஷின் ஊடே கிடைமட்டமாகப் போகும் போல்ட். மூன்றும் அதே வண்டியில் அதே வயதைக் கண்டவை. அதே மழையையும் சேற்றையும் பார்த்தவை. ஆனாலும் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொண்டன. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் இறுகிய போல்ட்டைப் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

பாதுகாப்பு ஏற்பாட்டை ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன், ஆனால் அது சின்ன விஷயம் என்று பொருளில்லை. சமதளத்தில் கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கில் தூக்கிய வண்டியை ஜாக் ஸ்டாண்டில் இறக்கி உட்கார வைத்தோம். கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டில் அடிச்சட்டத்துக்குக் கீழே தள்ளி வைத்தோம். இறுகிய போல்ட்டில் முழு பலத்தையும் போடும்போது வண்டியே அசையும். அந்த அசைவை ஜாக் தாங்காது. நீளக் கைப்பிடியை இழுக்கும்போது முகமும் தலையும் அது வரும் வழியில் இருக்கக் கூடாது. சாக்கெட் நழுவினால் கைப்பிடி எங்கே போகும் என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

முதல் போல்ட்: எண்ணெய் போய்ச் சேர்ந்த இடம்

பின்ச் போல்ட்டின் நட்டுக்கு வெளியே நான்கைந்து மரை (திருகுப் புரி) நீட்டிக்கொண்டிருந்தது. அதில் துருவும் மண்ணும் கெட்டித்துக் கிடந்தன. நட்டைத் தொடுவதற்கு முன்பே வயர் பிரஷால் அந்த மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்தோம். இதைப் பலர் செய்வதில்லை. நட் வெளியே வரவேண்டிய வழி அந்த மரைதான். வழியில் துருக்கட்டி இருந்தால் நட் அதைத் தன் மரைக்குள் இழுத்து அரைத்துக்கொள்ளும், பாதி வழி வந்த பிறகு முன்னை விடவும் மோசமாகப் பூட்டிக்கொள்ளும். ‘முதலில் நன்றாகத்தான் வந்தது, பிறகு நின்றுவிட்டது’ என்று சொல்லப்படும் போல்ட்டுகளில் பலவற்றின் கதை இதுதான்.

துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு ஓர் இரவு விட்டோம். டபிள்யூடி-40 கையில் இருந்தது. அது 1953-இல் உலோகத்தின் மேல் ஈரம் தங்காமல் விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட திரவம். லேசான துருவுக்கு உதவும். கெட்டித்த துருவுக்கு, மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கப்படும் மெல்லிய எண்ணெய்கள் மேல். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் கலந்து பயன்படுத்துவோரும் உண்டு. கலவை வேலை செய்யும் என்றாலும் இரண்டும் பிரிந்துகொள்ளும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோனின் ஆவி உறைநிலைக்குக் கீழான குளிரிலும் தீப்பற்றக்கூடியது. கிரைண்டரும் தீ உமிழும் டார்ச்சும் இயங்கப் போகிற இடத்தில் நான் அதை வைத்துக்கொள்வதில்லை.

மறுநாள் ஆறு முகச் சாக்கெட்டைப் போட்டு, கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் இறுக்கும் பக்கம் ஒரு தட்டுத் தட்டினோம். பிறகு கழற்றும் பக்கம். ‘கிர்ர்’ என்று ஒரு சத்தத்தோடு நகர்ந்தது. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி எண்ணெய். முன்னும் பின்னுமாக அசைக்கும்போது பொடிந்த துரு எண்ணெயோடு சேர்ந்து வெளியேற இடம் கிடைக்கிறது. நட்டும் போல்ட்டும் சேதமில்லாமல் கழன்றன. பன்னிரு முகச் சாக்கெட்டைப் போட்டிருந்தால் தலையின் முனைகளில்தான் பிடி விழுந்திருக்கும், முனை மழுங்கியிருக்கும். ஆறு முகச் சாக்கெட் முனையை விட்டுத் தள்ளித் தட்டைப் பக்கங்களில் அழுத்துகிறது. துருப்பிடித்த போல்ட் என்றால் வேறு யோசனையே வேண்டாம், ஆறு முகம்தான்.

பின்புஷ்ஷின் போல்ட் நீளக் கைப்பிடிக்கே பணிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

மூன்றாவது போல்ட்: சுற்றியது, திரும்பியது

முன்புஷ்ஷின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். சப்ஃபிரேமில் இரண்டு இரும்புக் காதுகள். அவற்றுக்கு இடையே புஷ் உட்காரும். புஷ்ஷின் நடுவில் கனமான இரும்புக் குழல் ஒன்று உண்டு, ஸ்லீவ் என்பார்கள். அதைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றி ஆர்மோடு சேர்ந்த வெளி வளையம். ரப்பர் ஸ்லீவோடு ஒட்டவைத்தே வார்க்கப்பட்டிருக்கும். போல்ட் ஒரு காதின் வழியே நுழைந்து, ஸ்லீவின் ஊடே போய், மறு காதின் பின்னால் வெல்டு செய்த நட்டில் முடுகும். முடுக்கியதும் இரண்டு காதுகளும் ஸ்லீவின் இரு முனைகளையும் நெரித்துப் பிடிக்கும். ஸ்லீவ் அசையாது, ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும்.

நீளக் கைப்பிடியைப் போட்டு இழுத்ததும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். போல்ட் விட்டுவிட்டது என்றே தோன்றியது. கைப்பிடி தாராளமாகச் சுற்றியது. கையை எடுத்ததும் அதே வழியில் திரும்பி வந்தது.

“அண்ணே, சுத்துதுண்ணே. ஆனா விட்டா திரும்பி வந்துடுது. பைப்ப மாட்டி ஒரே இழுவையா இழுத்துப் பாக்கட்டுமா?”

“இரு தம்பி. எங்க பிடிச்சிருக்குன்னு தெரியாம பைப்ப மாட்டாத.”

இந்த வேலையின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. இறுகிய போல்ட் என்றதும் மனம் உடனே பலத்துக்குப் போகிறது: எவ்வளவு நீளக் கம்பி, எவ்வளவு வலுவான இம்பாக்ட் ரெஞ்ச் (அடித்து அடித்துத் திருப்பும் கருவி), எவ்வளவு சூடு. அதற்கு முன் எழ வேண்டிய கேள்வி, போல்ட் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்பது. தலையின் அடியிலா, மரையிலா, நடுத்தண்டிலா? எண்ணெய், அதிர்வு, சூடு என எதுவும் பிடித்திருக்கும் இடத்தில் போய்ச் சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இது 12 மில்லிமீட்டர் போல்ட், தலையில் 10.9 என்று பொறித்திருந்தது. அதாவது இழுவிசைத் தாங்கு திறன் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1000 நியூட்டன். இந்த அளவுப் போல்ட்டுக்கு 110 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசையின் அலகு) என்பது சாதாரண முடுக்கம்தான். அதுவே சுமார் 4.5 டன் நெரிப்பைத் தரும். நாம் ஸ்பேனரில் கொடுக்கும் திருப்பு விசையில் ஏறக்குறைய பாதி தலையின் அடி உராய்வுக்கும், நாற்பது விழுக்காடு மரையின் உராய்வுக்கும் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் பத்து விழுக்காடுதான் போல்ட்டை இழுத்து நெரிக்கிறது. துரு அந்த உராய்வுகளைப் பல மடங்காக்கும்போது, கழற்றுவதற்கு முடுக்கியதை விடக் கூடுதல் விசை தேவைப்படுவதில் வியப்பில்லை.

ஆனால் போல்ட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தத் தடிமனுக்கு, வெறும் முறுக்கிலேயே தண்டு அறுந்துபோகும் விசை என் கணக்கில் 200 முதல் 280 நியூட்டன் மீட்டருக்குள் வருகிறது; மரைப் பகுதி மெலிந்தது என்பதால் அங்கே குறைவு, முழுத் தண்டில் அதிகம். 60 சென்டிமீட்டர் கைப்பிடியின் முனையில் 50 கிலோ அழுத்தினாலே 290-ஐத் தாண்டிவிடும். 1.2 மீட்டர் பைப்பை மாட்டினால் அதன் இரட்டிப்பு. பைப் போட்ட மனிதரின் கையில் போல்ட்டை அறுக்கத் தேவையானதைவிட இரண்டு மடங்கு விசை இருக்கிறது. பலம் போதவில்லை என்பது இத்தகைய வேலைகளில் பெரும்பாலும் பொய்க் கவலை.

அடுத்து, திரும்பி வந்த அந்தச் சுழற்சி. எந்தத் தண்டும் அறுவதற்கு முன் கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும், விட்டால் திரும்பும். 12 மில்லிமீட்டர் தடிமனும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள எஃகுத் தண்டு 150 நியூட்டன் மீட்டரில் நான்கு பாகைக்குச் சற்று மேல் முறுக்கிக்கொள்ளும். சாக்கெட்டோடு எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதன் முறுக்கும் சேரும். எப்படிப் பார்த்தாலும் போல்ட்டின் தலை பத்துப் பாகை சுற்றித் திரும்பாது. இங்கே தலையே ஏறக்குறைய இருபத்தைந்து பாகை போய்விட்டுத் திரும்பியது. எஃகு அவ்வளவு முறுக்கிக்கொண்டு திரும்பி வர வாய்ப்பில்லை, ரப்பர் வரும்.

இதை உறுதிசெய்யும் சோதனை எளியது. புஷ்ஷின் பக்கவாட்டைத் துடைத்து, வெளியே தெரியும் ஸ்லீவின் விளிம்பிலிருந்து ரப்பர் வழியாக வெளி வளையம் வரை வெள்ளைப் பெயிண்ட்டால் ஒரு நேர்கோடு போட்டோம். போல்ட்டின் தலையிலிருந்து காதுக்கு இன்னொரு கோடு. தம்பி கைப்பிடியை இழுக்க, நான் டார்ச் விளக்கோடு கோட்டைப் பார்த்தேன். தலை சுற்றியது, ஸ்லீவின் விளிம்பும் கூடவே சுற்றியது, வெளி வளையம் நின்ற இடத்தில் நின்றது. நேர்கோடு ரப்பரில் வளைந்து சாய்ந்தது. விட்டதும் நேரானது.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. தலையின் அடியில் பிடி விட்டுவிட்டது. அந்த ‘டொக்’ அதுதான். மரையும் சுழல்கிறது, இல்லையென்றால் தலை இவ்வளவு சுற்றாது. போல்ட்டின் நடுத்தண்டும் ஸ்லீவின் உள்சுவரும் துருவால் ஒன்றாகிவிட்டன. இரண்டும் ஒரே இரும்பாகச் சுற்றி, ரப்பரை முறுக்கி, ரப்பரின் விசையில் திரும்புகின்றன.

கையில் இருந்த வழிகளும் அவற்றின் விலையும்

இடம் தெரிந்ததும் பல வழிகள் தாமாகவே உதிர்ந்தன. நட்டின் பக்கம் எண்ணெய் அடித்துப் பயனில்லை, மரையில் சிக்கலே இல்லை. இம்பாக்ட் ரெஞ்ச் அடிக்கும் ஒவ்வொரு அடியையும் ரப்பர் வாங்கி விழுங்கிக்கொள்ளும். துரு உடைய வேண்டுமானால் அடி விறைப்பான இடத்தில் விழ வேண்டும். பைப்பால் இழுத்தால் ரப்பர் கிழிந்து ஸ்லீவும் போல்ட்டும் சேர்ந்தே சுழலத் தொடங்கும். அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

போல்ட் கழன்றால் அது தலைப் பக்கமாக வெளியே நகர வேண்டும். கூடவே ஒட்டிக்கொண்ட ஸ்லீவும் நகரும். ஆனால் ஸ்லீவ் காதின் துளைக்குள் நுழையாது. உட்புறமாக வந்து காதில் முட்டி நிற்கும். அதற்கு மேல் திருப்பினால் மரை ஒரு பிடுங்கு கருவியாக மாறிவிடுகிறது. போல்ட்டை வெளியே தள்ளும் விசை சில டன்களுக்கு எளிதாக ஏறும். நல்லபடியாக நடந்தால் அந்த விசையிலேயே துரு உடைந்து போல்ட் ஸ்லீவிலிருந்து பிய்ந்து வரும். அப்படி நடக்காவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். தலைப் பக்கத்துக் காது வெளியே வளையும், அல்லது வெல்டு நட் பெயரும். நட்டை இதற்கென்று யாரும் வெல்டு செய்வதில்லை. வழக்கமான முடுக்கத்தில் நட் தகட்டை நோக்கி இழுக்கப்படும். வெல்டுக்கு வேலையே கிடையாது. இங்கே விசை தலைகீழாகி நட்டைத் தகட்டிலிருந்து உரிக்கப் பார்க்கிறது. மூடிய பெட்டிபோன்ற சப்ஃபிரேமுக்குள் நட் பெயர்ந்து சுற்ற ஆரம்பித்தால், தகட்டை வெட்டித் திறந்து மறுபடி வெல்டு செய்ய வேண்டும், இல்லையேல் சப்ஃபிரேமையே மாற்ற வேண்டும். ஒரு போல்ட்டுக்காக அந்த இடத்துக்குப் போகக் கூடாது.

சூடு? சூடு நல்ல கருவி, நான் அதை மதிக்கிறேன். 12 மில்லிமீட்டர் நட் ஒன்றை 200 பாகை செல்சியஸ் சூடேற்றினால் அதன் துளை சுமார் 0.03 மில்லிமீட்டர் விரியும். கேட்கச் சிறிய அளவாக இருந்தாலும் துருவின் பிடியை நொறுக்க அது போதும். குளிரும்போது சுருங்குவதும் உதவும். ஆனால் இங்கே சூடு சேர வேண்டிய ஸ்லீவைச் சுற்றி முழுக்க ரப்பர். ஸ்லீவைச் சூடாக்குவதற்குள் ரப்பர் பற்றி எரியும், கரும்புகை எழும். பக்கத்தில் பிரேக் குழாயும் சக்கரத்தின் ஏபிஎஸ் ஒயரும் போகின்றன. ரப்பரைக் கொளுத்திவிட்டே கழற்றுவோர் இருக்கிறார்கள். வீட்டு முற்றத்தில், வண்டியின் அடியில் அதைச் செய்ய நான் ஒப்பவில்லை. சூடு பயன்படுத்தும் எவரும் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் டார்ச் பிடித்தாலோ வெல்டு செய்தாலோ ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். சிறிதளவே நுரையீரலைக் கெடுக்கும். கிளீனர் பட்ட இடத்தில் தீ வேண்டாம்.

ஆகவே இரண்டு வழிகள் மிஞ்சின. காதுகளைக் கண்காணித்துக்கொண்டு அளவான விசையில் ஸ்லீவுக்குள் எண்ணெயை ஏற்றிப் பார்ப்பது ஒன்று. போல்ட்டை வெட்டுவது மற்றது.

எண்ணெய்க்குத் திறந்த இடுக்கு

போல்ட்டை வழக்கமான முடுக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே எண்ணெய் அடிப்பது வீண். ஸ்லீவின் இரு முனைகளும் காதுகளோடு நெரிந்து மூடிக் கிடக்கின்றன, உள்ளே போக வழியில்லை. தலையின் பிடி விட்டதும் காதுகள் மயிரிழை அளவு விரிகின்றன. அப்போதுதான் ஸ்லீவின் முனையில் ஓர் இடுக்குத் திறக்கிறது. அந்த இடுக்கில் மெல்லிய குழாயை வைத்து எண்ணெய் விட்டோம்.

பால் ஜாயிண்ட்டும் பின்புஷ்ஷும் ஏற்கெனவே விடுபட்டிருந்ததால் ஆர்ம் இந்த ஒரு போல்ட்டையே அச்சாகக் கொண்டு ஆடியது. அதையே நெம்புகோலாக்கிக்கொண்டோம். நான் ஸ்பேனரால் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள, தம்பி ஆர்மை மேலும் கீழும் ஆட்டினான். ரப்பர் நடுவில் இருப்பதால் முழு விசையும் துருவுக்குப் போகாது, ஆனால் ஸ்லீவ் இரு பக்கமும் மாறி மாறி முறுக்கப்படும். இடையிடையே போல்ட்டின் தலையில் நேர்க்கோட்டில் சுத்தியலால் தட்டினோம். பலத்த அடி வேண்டாம், விறைப்பான சிறு அடிகள் போதும். அதிர்வு துருவில் விரிசல் விடுகிறது, விரிசலில் எண்ணெய் இறங்குகிறது. தலைப் பக்கத்து முனையில் செம்பழுப்பு நிறத்தில் எண்ணெய் கசிந்து வரத் தொடங்கியது. உள்ளே ஏதோ இளகுகிறது என்பதற்கு நல்ல அறிகுறி.

ஆனால் அது முனையளவில் நின்றுவிட்டது. ரப்பரின் ஒரு பக்கம் ஸ்லீவிலிருந்து உரிந்து, போல்ட்டும் ஸ்லீவும் சேர்ந்தே சுழன்று நகர ஆரம்பித்தன. காதின் வெளி முகத்தில் இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். முட்டும் வரை நேராக இருந்த முகம், அடுத்த கால் சுற்றில் அளவுகோலுக்கு அடியில் ஒளிக்கீற்று தெரியும் அளவுக்கு உப்பியது. அங்கேயே நிறுத்தி, போல்ட்டை அதே கால் சுற்று உள்ளே திருப்பினோம். காது தன் நிலைக்குத் திரும்பியது. உலோகம் இன்னும் நிரந்தரமாக வளையவில்லை.

இந்த நிறுத்தம் முக்கியமானது. எந்த அறிகுறி தெரிந்தால் கைவிடுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளாமல் இப்படிப்பட்ட வேலையில் இறங்கக் கூடாது. இறங்கிய பிறகு கைச்சூட்டில் ‘இன்னும் ஒரே ஒரு இழுவை’ என்றுதான் தோன்றும்.

வெட்டு

வெளி வளையத்தைவிட ஸ்லீவ் நீளமானது. அதனால் புஷ்ஷுக்கும் காதுக்கும் நடுவே இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் ஸ்லீவ் வெளியே தெரியும். வெட்ட வேண்டிய இடம் அதுதான். ஒரே வெட்டில் ஸ்லீவும் உள்ளிருக்கும் போல்ட்டும் சேர்ந்து அறும். காதில் பிளேடு படக் கூடாது என்பதால் காதின் உட்புறத்தில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிக்கொண்டோம்.

10.9 தரப் போல்ட்டின் கடினம் ராக்வெல் சி அளவில் 32 முதல் 39 வரை. சாதாரணக் கார்பன் எஃகு பிளேடின் பல் அதில் சீக்கிரம் மழுங்கும். அதிவேக எஃகுப் பல் வைத்த பைமெட்டல் பிளேடு அறுக்கும், ஆனால் நிதானமாக ஓட்ட வேண்டும். மின் ரம்பத்தை முழு வேகத்தில் விட்டால் பிளேடின் பல் சூட்டிலேயே செத்துப்போகும். குறைந்த வேகம், நல்ல அழுத்தம், அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய். சில்லு விழும் ஓசை மாறாமல் கேட்டால் பிளேடு வெட்டுகிறது. கீச்சென்று வழுக்கினால் தேய்க்கிறது, மாற்ற வேண்டும். வட்டு கிரைண்டருக்கு அந்த இடுக்கில் இடமில்லை. இருந்திருந்தாலும் தீப்பொறியை எண்ணெயில் நனைந்த ரப்பரின் மேல் விட மனம் வராது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

இரண்டு வெட்டும் முடிந்ததும் ஆர்ம் தானாகவே கீழே இறங்கியது. தலைத் துண்டு விரலில் கழன்றது. வெல்டு நட்டில் மிஞ்சிய துண்டைப் பூட்டிக்கொள்ளும் குறடான வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பினோம்; ஒரு சுற்றுக்குப் பிறகு கையாலேயே வந்துவிட்டது. நெரிப்பு நீங்கிய மரைத்துண்டு இப்படித்தான் சுலபமாக வரும். அதன் மரையில் துத்தநாகப் பூச்சின் பளபளப்பு இன்னும் அங்கங்கே இருந்தது. கடைசி வரை மரையில் எந்தச் சிக்கலும் இருந்ததில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

பிளந்து பார்த்தபோது

கழற்றிய ஆர்மைத் தூக்கிப் போடாமல், ரப்பரைச் செதுக்கிவிட்டு ஸ்லீவை வைஸில் பிடித்து நீளவாக்கில் கிரைண்டரால் கீறிப் பிளந்தோம். இந்த ஆய்வின் மிக மதிப்புள்ள பகுதி இது. இரு முனைகளிலும் செந்துரு. நடுப்பகுதியில் கறுப்பாக, கல்லைப்போல் இறுகிய துரு. ஈரம் ஸ்லீவின் முனை இடுக்கு வழியாக நுண்குழாய் விசையில் உள்ளே ஏறுகிறது, காற்றோட்டம் இல்லாததால் காய்வதில்லை. முனைகளில் காற்று கிடைப்பதால் செந்துரு உண்டாகிறது, ஆக்சிஜன் குறைந்த நடுவில் கறுப்புத் துரு. எந்த வகையானாலும் துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். திறந்த வெளியில் அது உதிர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கே உள்ள இடுக்கில் அது எங்கே போகும்? ஆப்பு அடித்ததுபோல் சுவருக்கும் தண்டுக்கும் நடுவே இறுகி நிற்கும்.

எண்ணெய் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. இரு முனைகளிலிருந்தும் விரல் நுனியளவு நனைந்திருந்தது. நடுப்பகுதி உலர்ந்தே இருந்தது. இன்னும் பல நாள் ஊறப்போட்டிருந்தாலும் அந்த நடுக்கட்டியைக் கடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேறு இடத்தில் பிடித்திருந்தால் நாங்கள் வேறு விதமாகவே இறங்கியிருப்போம். அலுமினிய உடலில் எஃகுப் போல்ட் சிக்கினால் அது இரு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்து அரிப்பது. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் அங்கே சுற்றியுள்ள உடலைச் சூடாக்குவது அருமையாக வேலை செய்யும். பிரேக் காலிப்பர் தாங்கியின் போல்ட்டில் துருவே இல்லாமல் மரைப்பசை மட்டும் பிடித்திருக்கலாம். வலுவான சிவப்பு வகைப் பசை 250 பாகை அளவில்தான் இளகும், எண்ணெய்க்கு அது அசையாது. பிரேக்கின் காற்று நீக்கும் சிறு திருகோ உள்ளே துளையுள்ளது, கைப்பலத்துக்கே முறியும்; அதில் பொறுமையைத் தவிர வேறு கருவி கிடையாது. தலை உடைந்து தண்டு மட்டும் மிஞ்சினால், உடைந்த தண்டைப் பிடுங்க உதவும், கடினமான எஃகால் ஆன எக்ஸ்ட்ராக்டரைத் துளைக்குள் திருகுவதற்கு முன் நூறு முறை யோசிக்க வேண்டும். அது உள்ளே முறிந்தால் எந்தச் சாதாரணத் துளைப்பானும் அதைத் தொடாது. தண்டு சற்றேனும் வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து திருப்புவதே மேல். வெல்டின் சூடும் துருவை இளக்கும்.

பொருத்தும்போது

பழைய போல்ட்டின் மரையில் ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டு பள்ளம் வெட்டி, அதையே வெல்டு நட்டில் எண்ணெயோடு ஏற்றி இறக்கிச் சுத்தம் செய்தோம். காதுகளின் உட்புறத்தைத் தேய்த்து, வெளிர் இரும்பு தெரிந்த இடத்தில் பெயிண்ட் தடவினோம். அதே 10.9 தரத்தில், அதே நீளத்தில் புதுப் போல்ட். டார்ச் சூடு காட்டிய போல்ட்டாக இருந்தால் முழுதாகக் கழன்றாலும் அதை மறுபடி போடக் கூடாது. இந்தத் தரப் போல்ட்டுகள் 425 பாகைக்குக் குறையாத வெப்பத்தில் பதப்படுத்தப்பட்டவை. அதைத் தாண்டிச் சூடானால் அந்தப் பதம் கெட்டுவிடும், கண்ணுக்குத் தெரியாது.

ஸ்லீவுக்குள் இருக்கும் தண்டுப் பகுதியில் மட்டும் துரு தடுக்கும் மெழுகு கலந்த கிரீஸைத் தடவினோம். மரையிலும் தலையின் அடியிலும் தடவவில்லை. தயாரிப்பாளர் சொல்லும் முடுக்க அளவு உலர்ந்த மரைக்கானது. மரையில் வழுக்கல் சேர்த்தால் அதே டார்க் ரெஞ்ச் (திருப்பு விசையை அளந்து முடுக்கும் கருவி) அளவில் போல்ட் அதிகமாக இழுபடும்.

கடைசியாக, வீட்டில் செய்வோர் அடிக்கடி தவறவிடும் ஒன்று. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் இந்தப் போல்ட்டை முழுதாக முடுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் ஸ்லீவ் பூட்டப்பட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். புது புஷ் விரைவில் கிழியும். கைமுடுக்கில் விட்டுவிட்டு, பால் ஜாயிண்ட்டுக்கு அடியில் ஜாக் வைத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு ஆர்மைத் தூக்கிய பிறகுதான் டார்க் ரெஞ்ச் போட்டோம். பிறகு வீல் அலைன்மென்ட்.

இடது பக்கத்து ஆர்ம் நல்ல நிலையில் இருந்தது. ஆனாலும் அதன் முன்போல்ட்டிலும் அதே வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்த்தோம். தலை சுற்றியபோது ஸ்லீவ் நகரவில்லை, கோடு நேராகவே நின்றது. முழுதாகக் கழற்றி, தண்டில் படிய ஆரம்பித்திருந்த செந்துருவை வயர் பிரஷால் நீக்கி, கிரீஸ் தடவி, ஆர்மை அதே உயரத்தில் வைத்து முடுக்கினோம்.